அரிய நோயும் உரிய மருந்தும்

மெலியோயிடோசிஸ் என்பது ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பற்றீரியாவால் வரும் தொற்று. பேர்க்கோல்டேரியா சூடோமல்லை என்பது அந்தப் பற்றீரியாவின் விஞ்ஞானப் பெயர். காலில் உள்ள வெடிப்பு, கையில் பட்ட கீறல் வழியாக அது உடலுக்குள் நுழையும். புயலும் அடைமழையுமான நாட்களில் மூச்சோடும் போகும். சுத்தமில்லாத நீரைக் குடித்தாலும் வரும். நோய் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது நிமோனியாவாகவே வெளிப்படுகிறது: காய்ச்சல், குளிர் நடுக்கம், இருமல், நெஞ்சு நோவு, மூச்செடுக்கச் சிரமம். ஸ்டெதஸ்கோப்பில் கேட்டாலும் எக்ஸ்ரே எடுத்தாலும் மற்ற நிமோனியாவிலிருந்து அது வேறாகத் தெரிவதில்லை. சில வேளை நுரையீரலின் மேற்பகுதியில் குழி விழுந்து காசநோய் போலவும் தோற்றம் காட்டும். வேறுபாடு மருந்தில்தான் தெரியவரும். சாதாரண நிமோனியாவுக்கு முதலில் கொடுக்கப்படும் பெனிசிலின் இன மருந்துகள் பலவும் எரித்ரோமைசின் போன்றவையும் இந்தப் பற்றீரியாவைக் கட்டுப்படுத்துவதில்லை. செப்ட்ரியாக்ஸோனை நம்பியிருக்கவும் முடியாது. நோயாளி மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டே மோசமாகிப் போவார்.

அம்பாறைக் கரையோரத்தின் முஸ்லிம் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவே நீண்டு கிடக்கின்றன. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று வரும் ஊர்களுக்குக் கிழக்கே மீன்பிடி, மேற்கே நெல். சம்மாந்துறைப் பக்கம் பரந்து கிடக்கும் வயல்களுக்குக் கல்லோயாத் திட்டத்தின் நீர் பாய்கிறது. வடகீழ்ப் பருவமழை கொட்டும் மாதங்களில் பெரும்போகப் பயிர் நிற்கிறது, மனிதர்கள் முழங்கால் சேற்றில் நிற்கிறார்கள். இந்த நோய் மழைக்குப் பின்னால் வருவது. அது முதலில் பிடிப்பது சீனி வருத்தக்காரரை. இரண்டுக்கும் இந்தக் கரையில் குறைவில்லை. சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலா என்று கேட்க இன்று எல்லோருக்கும் தெரியும். மெலியோயிடோசிஸ் என்ற பெயரோ வயல்காரர் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இந்த நோய் எழுப்பும் கேள்வி மருத்துவத்தோடு முடிவதில்லை. நூறு நிமோனியாவில் ஒன்று வேறாக இருக்கலாம் என்பதற்காக அந்த ஒன்றைத் தேடுவது கடமையா, வீண் ஐயமா? நலம் தருபவன் அல்லாஹ் என்று நம்புகிறவருக்கு நோயின் சரியான பெயரால் என்ன ஆகிறது? மருந்து பலிப்பது ஊகமாக இருக்கும்போது அதை எடுத்தேயாக வேண்டும் என்று மார்க்கம் கட்டளையிட முடியுமா? ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றி வந்த இந்த ஊர்களின் கிதாபு மரபில் இவற்றுக்கு விடை தேட நிறைய இடமிருக்கிறது. நோயின் வரலாற்றைப் பார்த்த பிறகு அதற்குள் போவதே வசதி.

1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையின் பிரேத அறையில் இது முதன்முதல் கண்ணில் பட்டது. அங்கே நோய்க்கூற்று நிபுணராக இருந்தவர் அல்ஃபிரட் விட்மோர். அவருடன் பணியாற்றியவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. ஆதரவற்று அலைந்தவர்கள், மோர்பின் ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்று ஊர் கணக்கில் எடுக்காத மனிதர்களின் உடல்கள் அவை. நுரையீரல் பாலாடைக்கட்டி போல இறுகி, ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் நிறைந்திருந்தன. குதிரைகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளாண்டர்ஸ் நோயின் சாயல் அதில் இருந்தது. அந்தப் பெயரை எழுதிவிட்டு அடுத்த உடலுக்குப் போயிருக்கலாம். இருவரும் அப்படிப் போகவில்லை. உடலில் இருந்து எடுத்த கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். கிளாண்டர்ஸ் கிருமி அசையாதது, இது நீந்தியது. வளரும் வேகமும் வேறு. ஆய்வு விலங்குகளுக்கு ஏற்றியபோது கிளாண்டர்ஸுக்கே உரிய அடையாளமும் தெரியவில்லை. 1912இல் இந்தியன் மெடிக்கல் கெஸட் இதழில் இதுவரை விவரிக்கப்படாத நோய் என்று அதை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். பின்னாளில் விட்மோர் நோய் என்ற பெயர் நிலைத்தது. கிருஷ்ணசாமியின் பெயர் பாடநூல்களில் இருந்து மெல்லக் கழன்றுபோனது.

இலங்கையில் முதல் நோயாளி பதிவானது 1927இல். அவர் ஐரோப்பியரான ஒரு தேயிலைத் தரகர். அதன் பின் எண்பது ஆண்டுகளுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அறிக்கைகளே உண்டு. சேற்றில் உழைத்தவர்களுக்கு நோய் வரவில்லை என்பதல்ல, அவர்களுடைய நோய்க்கு வேறு பெயர் எழுதப்பட்டது என்றே கொள்ள வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஏனோகா கொரியாவும் பேராதனை, மேற்கு அவுஸ்திரேலிய ஆய்வாளர்களும் நாடு முழுவதும் தேடத் தொடங்கியபோது, 2006க்கும் 2014இன் தொடக்கத்துக்கும் இடையில் 32 நோயாளிகள் பரிசோதனையில் உறுதியானார்கள். பெரும்பாலானவர்கள் கிராமத்தவர், ஆண்கள், நீரிழிவுக்காரர். சப்ரகமுவ மாகாணம், மத்திய மலைநாட்டின் தென்பகுதி, வடக்கின் சில இடங்கள் நீங்கலாக எல்லாப் பக்கமும் கிருமி அகப்பட்டது. ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை ஏறியது, இறப்பு வீதம் இறங்கியது. தேடுகிறவர் கூடியதும் அரிய நோய் அவ்வளவு அரிதாக இல்லாமல் போயிற்று. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 165,000 பேருக்கு இந்நோய் வந்து 89,000 பேர் இறப்பதாக 2016இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு கூறுகிறது. அவர்களில் மிகப் பலர் பெயர் தெரியாத காய்ச்சலிலோ வெறும் நிமோனியாவிலோ இறந்தவர்களாகவே கணக்கில் இருக்கிறார்கள்.

ஆக, அரிது என்ற சொல்லை இரண்டு விதமாகப் பிரித்து வைக்க வேண்டியிருக்கிறது. உலகில் அரிதாக நிகழ்வது ஒன்று. நிகழ்ந்தும் அரிதாகவே அறியப்படுவது இன்னொன்று. ஒன்றைப் பற்றிய அறிவு இல்லாமலிருப்பது, அது இல்லை என்ற அறிவு ஆகாது என்று சட்ட அடிப்படைகளை ஆராயும் உசூல் அறிஞர்கள் சொல்லி வந்தது இந்த இடத்துக்குப் பொருந்தும். தேடாத இடத்தில் கிடைக்கவில்லை என்பது எதற்கும் சான்றாகாது.

எதிர்வாதம் வலுவில்லாதது அல்ல. இஸ்லாமியச் சட்டக்கலையான பிக்ஹில் அரிதானதற்குத் தனிச் சட்டம் இல்லை என்றொரு விதி உண்டு. பெரும்பான்மையை வைத்தே சட்டம் அமையும், ஆயிரத்தில் ஒன்றுக்காக மற்ற எல்லோரையும் சிரமப்படுத்தலாகாது. உறுதியானது ஐயத்தால் நீங்காது என்ற விதியை இமாம் சுயூத்தி தம் அல்அஷ்பாஹ் நூலில் முழு பிக்ஹும் திரும்பிச் சேரும் ஐந்து அடிப்படை விதிகளுள் ஒன்றாக வைக்கிறார். வுழூச் செய்தவர் முறிந்ததோ என்று ஐயப்பட்டால் வுழூ முறியாது. ஐயத்தைப் பின்தொடர்ந்து போனால் அது வஸ்வாஸ் என்னும் ஓயாத மனக்குழப்பம் ஆகிவிடும். மருத்துவத்திலும் இதே பாடம் உண்டு. இருமிக்கொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும் அபூர்வ நோயைத் தேடும் வைத்தியர் பணத்தையும் நேரத்தையும் வீணாக்குவதோடு, தேவையில்லாத கடும் மருந்தால் தீங்கும் செய்வார்.

ஆனால் இந்த விதிகள் எங்கே நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பிக்ஹு அரிதானதை ஒதுக்கவில்லை. ஜனாஸாவை விரைவாக அடக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சுன்னத்து. நீரில் மூழ்கியவர், இடி தாக்கியவர், திடீரென விழுந்தவர் விடயத்தில் மட்டும் மரணம் உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டும் என்று இமாம் ஷாபிஈ கூறுகிறார். அப்படி விழுந்தவர்களில் உயிரோடிருப்பவர் அரிதுதான். அந்த அரிதுக்காகவே தாமதம் அனுமதிக்கப்படுகிறது. அங்கே தவறினால் திருத்த முடியாது என்பதே காரணம். மேலும், வுழூவில் உறுதி என்பது உண்மையில் இருந்த ஒன்று. நோயாளி விடயத்தில் சாதாரண நிமோனியா என்பது உறுதியே அல்ல, அதுவும் ஓர் ஊகம். பழகிய ஊகம் பழக்கத்தினால் உறுதி ஆகிவிடாது. அரிதை நினைத்தவர் உறுதியை ஐயத்தால் கலைக்கவில்லை, ஒரு ஊகத்துக்கு எதிரே இன்னொரு ஊகத்தை வைத்து எடைபோடுகிறார்.

ஊகத்தை ழன் என்றும் உறுதியை யகீன் என்றும் கிதாபுகள் பிரிக்கின்றன. ஊகங்கள் பலவற்றைத் தவிர்க்குமாறு அல்குர்ஆன் எச்சரிக்கிறது. ஆனால் செயலுக்கு வந்ததும் எந்த அறிஞரும் யகீனுக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. கிப்லா தெரியாத இடத்தில் மிகைத்த ஊகத்தின்படி தொழுதுவிட வேண்டும். நோயாளி நோன்பை விடலாமா, தயம்மும் செய்யலாமா என்பதில் நேர்மையான வைத்தியரின் சொல் போதும், அதுவும் ழன்தான். செயலுக்கு உறுதி தேவையில்லை, தேவைப்படுவது முயற்சி. திசையை அறியும் அடையாளங்கள் இருக்க அவற்றைப் பாராமல் மனம்போன பக்கம் நின்று தொழுதவரின் தொழுகை, திசை தற்செயலாகச் சரியாக அமைந்தாலும் கேள்விக்குரியதே. தீர்ப்பளிப்பவர் முழு முயற்சி செய்து தவறினால் ஒரு கூலி, சரியாக அமைந்தால் இரு கூலி என்ற ஹதீஸிலும் கூலி முயற்சிக்கே. அது நீதிபதியைப் பற்றியது. வைத்தியருக்கும் அதை நீட்டலாம் என்றால் நிபந்தனையையும் சேர்த்தே நீட்ட வேண்டும்.

இந்த நோயில் முயற்சி என்பதன் பொருள் மிகத் தெளிவானது. கட்டிலருகே நின்று இதுதான் என்று சொல்லிவிடும் அடையாளம் எதுவும் இல்லை. ஐயத்தைத் தூண்டுபவை உண்டு: நீரிழிவு, சிறுநீரக நோய், தலசீமியா, மழைக்காலம், சேற்று வேலை, ஸ்கேனில் ஈரலிலோ மண்ணீரலிலோ தெரியும் சீழ்க்கட்டிகள், வழமையான மருந்துக்கு இறங்காத காய்ச்சல், சளியில் கிருமி காணாமலே காசநோய் என்று தொடங்கப்பட்ட சிகிச்சை பலிக்காமை. உறுதி செய்வது கல்ச்சர் பரிசோதனை. இரத்தம், சளி, சீழ் ஆகியவற்றை ஊடகத்தில் இட்டுக் கிருமியை வளர்க்க வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. வளர்ந்த கிருமியைப் பழக்கமில்லாத கண் சாதாரண சூடோமோனாஸ் என்றோ, வெளியிலிருந்து விழுந்த அசுத்தம் என்றோ ஒதுக்கிவிடும். ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அசையாமல், கோ-அமொக்ஸிகிளாவுக்கு மடங்கும் ஒரு கிருமி என்றால் ஆய்வுகூடம் விழித்துக்கொள்ள வேண்டும். இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனையும் உண்டு. ஆனால் நோய் பரவியுள்ள இடங்களில் சுகதேகிகளின் இரத்தத்திலும் அது இருக்கும் என்பதால் அது தருவது ழன் மட்டுமே. கல்ச்சரில் கிருமி வளர்ந்தால் யகீன். வளராவிட்டால் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, நோய் உண்மையாகவே உள்ளவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினரிடமே அது வளர்ந்து காட்டுகிறது. உசூல் பாடத்தில் மாணவர் தலையைச் சொறிந்துகொண்டு படிக்கும் பிரிவினைகள் யாவும் இங்கே ஒரு கண்ணாடித் தட்டில் கிடக்கின்றன.

ஒத்த நோய்களைப் பிரித்தறிவதை முஸ்லிம் மருத்துவர்கள் தனிக் கலையாக வளர்த்தவர்கள். ரய் நகரில் பிறந்து பக்தாதிலும் மருத்துவமனை நடத்திய அபூபக்ர் அர்ராஸி, பெரியம்மையையும் சின்னமுத்தையும் வேறு பிரித்துக் காட்டத் தனி நூலே எழுதினார். முதுகு நோவு எதில் மிகுதி, பதற்றம் எதில் மிகுதி என்று நோயாளியின் அருகிலிருந்து பார்த்து எழுதிய நூல் அது. பண்டைய கிரேக்க மருத்துவர் கலீனையே ஐயுற்று இன்னொரு நூலும் எழுதினார். வாங்கிய அறிவை அப்படியே விழுங்காத அந்தக் குணத்தின் வாரிசுகளாகவே ரங்கூன் பிரேத அறையில் நின்ற இருவரையும் பார்க்கத் தோன்றுகிறது.

பெயரைத் தேடுவதன் மார்க்கப் பொருள் இமாம் கஸ்ஸாலியிடம்தான் முழுதாகத் திறக்கிறது. தம் இஹ்யா நூலில் தவக்குல், அதாவது அல்லாஹ்வைச் சார்ந்திருத்தல், பற்றிய பகுதியில் தீங்கை நீக்கும் வழிகளை அவர் மூன்று படியாக வைக்கிறார். தாகத்துக்குத் தண்ணீர், பசிக்கு ரொட்டி போல உறுதியானவை முதற்படி. இரத்தம் குத்தி எடுத்தல், பேதி மருந்து முதலிய வைத்திய முறைகள் ஊகமானவை. சூடு போடுதல், மந்திரித்தல் முதலியன வெறும் எண்ணத்தில் நிற்பவை. உறுதியானதை விடுவது தவக்குல் அல்ல, உயிருக்குப் பயம் உள்ளபோது அது ஹராம். எண்ணத்தில் நிற்பதை விடுவது தவக்குலின் நிபந்தனை. நடுவில் உள்ள வைத்தியத்தைச் செய்வது தவக்குலுக்கு முரணல்ல, சிலருக்கு விடவும் இடமுண்டு.

இந்தப் பகுப்பை மருந்துகளின் பட்டியலாக வாசிப்பவர்கள் உண்டு. அப்படி வாசித்தால் நவீன மருந்து எல்லாம் எந்தப் படி என்ற வாக்குவாதம் முடிவே இல்லாமல் போகும். கஸ்ஸாலி படி கட்டியது மருந்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு எவ்வளவு தெரிந்தது என்பதை வைத்து. பஞ்சு தீப்பற்றுவதும் மருந்தால் குணமாவதும் தம்மளவில் கட்டாயமானவை அல்ல, அல்லாஹ் நடத்தி வரும் வழமை என்று தஹாஃபுத் நூலில் வாதிட்டவரும் அவரே. அப்படியானால் தண்ணீர் தாகம் தீர்ப்பது எப்படி உறுதி ஆனது? அந்த வழமை மாறாமல் நிற்பதை மனிதர் கண்டு அறிந்ததால். ஆகவே ஒரு மருந்தின் படி அது சேரும் நோயைப் பொறுத்தது. நிமோக்கொக்கஸ் நிமோனியாவில் பெனிசிலின் ஏறக்குறைய முதற்படியில் நிற்கும். அதே ஊசியை மெலியோயிடோசிஸ் நோயாளிக்கு ஏற்றினால் அது மூன்றாம் படிக்கு, வெறும் எண்ணத்துக்கு, இறங்கிவிடுகிறது. வெள்ளை அங்கி போட்டவர் கொடுத்தார் என்பதால் அது ஓதாத தாயத்தைவிட மேலானதாகிவிடாது. சொல்வதற்குக் கசப்பானாலும் கஸ்ஸாலியின் அளவுகோல் வேறு எதையும் சொல்லவில்லை.

படி ஏறுவதையும் எண்களில் பார்க்க முடியும். தாய்லாந்தின் உபோன் ராட்சத்தானியில் நடந்து 1989இல் வெளியான ஆய்வில், கடும் மெலியோயிடோசிஸுக்குப் பழைய மருந்துக் கலவை பெற்றவர்களில் 74 சதவீதத்தினர் இறந்தனர், செப்டாசிடிம் பெற்றவர்களில் 37 சதவீதம். அவுஸ்திரேலியாவின் டார்வினில் 1989 முதல் 30 ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கப்பட்ட 1,148 நோயாளிகளில், முதல் ஐந்தாண்டில் 31 சதவீதமாக இருந்த இறப்பு கடைசி ஐந்தாண்டில் 6 சதவீதமாயிற்று. அந்த நகரில் மழைக்காலத்து நிமோனியா என்றதும் வைத்தியர்கள் இதை முன்கூட்டியே நினைக்கிறார்கள், தீவிர சிகிச்சையும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. கிருமி மாறவில்லை, அறிவு மாறியது, அதனோடு மருந்தின் படியும் மாறியது.

படி மாறினால் ஹுக்மும் மாறும். பொதுவாக வைத்தியம் செய்வது சுன்னத்து என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலை, இமாம் நவவி அதையே உறுதி செய்கிறார். ஆனால் விட்டால் உயிரோ உறுப்போ போகும் அல்லது நோய் பிறருக்குப் பரவும் என்ற நிலையில் அது கடமை என்று 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமியின் ஏழாவது அமர்வு தீர்மானித்தது. நோயின் பெயர் தெரியாதவரை நோயாளி மீது குறிப்பான கடமை எதுவும் விழுவதில்லை, தெரியாததைச் செய்யும்படி யாரும் பணிக்கப்படுவதில்லை. பெயர் தெரிந்த கணத்தில் சுன்னத்தாக இருந்தது வாஜிபாகிவிடக்கூடும். அதனால் பெயரைக் கண்டறியும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி தானாக எழுகிறது. மருத்துவம் பர்ளு கிபாயா என்று கஸ்ஸாலி இஹ்யாவின் அறிவு பற்றிய முதற்பகுதியில் எழுதினார். பல ஊர்களில் முஸ்லிம் வைத்தியரே இல்லாதபோது எல்லோரும் பிக்ஹுத் தர்க்கத்துக்கே முண்டியடிக்கிறார்களே என்று கடிந்தும் கொண்டார். இன்றைய கல்முனையில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அருகருகே இயங்குகின்றன. ஆனால் அந்தக் கூட்டுக் கடமை வைத்தியரோடு முடிவதில்லை. இரத்தம் எடுக்கும் தாதியும், கல்ச்சரில் வளர்ந்ததைக் குப்பையில் போடாமல் இரண்டாம் முறை பார்க்கும் ஆய்வுகூடத்தவரும் அதற்குள் அடங்குவார்கள்.

ஹதீஸ்களும் இதே பக்கம் சாய்கின்றன. எந்த நோயையும் அதற்கு மருந்தில்லாமல் அல்லாஹ் இறக்கவில்லை என்ற கருத்திலான புகாரியின் அறிவிப்பு பள்ளிவாசல் பயான்களில் அடிக்கடி கேட்பது. முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அறிவிப்பதில் ஒரு நிபந்தனை கூடுதலாக உண்டு: நோய்க்குரிய மருந்து அந்த நோய்க்குப் பொருந்தினால்தான், அல்லாஹ்வின் நாட்டத்தால், குணம். பயானில் முதலாவது சொல்லப்படும் அளவுக்கு இரண்டாவது சொல்லப்படுவதில்லை என்பது குறையே. இப்னுல் கையிம் இந்தப் பொருத்தத்தை விரித்து, தேர்ந்த வைத்தியர் கவனிக்க வேண்டியவை இருபது என்று எண்ணுகிறார். முதலாவது நோயின் வகை, இரண்டாவது அதன் காரணம். பின்னால் வருபவற்றில் பருவகாலம், காற்றின் நிலை, நோயாளியின் ஊர், அந்த ஊரின் மண் ஆகியனவும் உண்டு. மண்ணிலிருந்து மழைக்காலத்தில் வரும் ஒரு நிமோனியாவை அவர் அறிந்திருக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் பதினான்காம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டார்.

ஓதிப் பார்ப்பதும் தண்ணீர் ஓதிக் குடிப்பதும் இந்தக் கரையில் பரவலான வழக்கம். கல்முனைக்குடி கடற்கரைப்பள்ளியின் நாகூர் ஆண்டகை கொடியேற்றத்துக்கு நேர்ச்சையோடு வருவோரும் உண்டு. அதன் சரிபிழை பற்றி ஊருக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் இருக்கிறது, இந்தக் கேள்விக்கு அது தேவையில்லை. குர்ஆன் வசனம் கொண்டு ஓதிப்பார்ப்பதை அனுமதிப்பவர்களும் அதை வைத்தியத்தின் இடத்தில் வைக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் நோயுற்ற ஸஃத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களை ஸகீஃப் குலத்து வைத்தியர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் போகச் சொன்னதாக அபூதாவூதில் உள்ளது. தவறு ஓதுவதில் இல்லை, ஓதிக்கொண்டு நாளைக் கடத்துவதில் இருக்கிறது. கடுமையான மெலியோயிடோசிஸ் சில நாட்களில் ஆளை முடித்துவிடும். கத்ர் என்று சொல்லி வீட்டில் இருந்துவிடுவதற்கு விடை, கொள்ளைநோய் பரவிய ஷாமின் எல்லையில் உமர் (ரலி) கூட வந்தவர்களோடு திரும்பியபோதே சொல்லப்பட்டுவிட்டது. விதியை விட்டு ஓடுகிறீரா என்று கேட்ட அபூஉபைதா (ரலி) அவர்களுக்கு, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் அவர் விடையளித்தார்.

வைத்தியரின் பொறுப்பு வேறொரு ஹதீஸில் இருக்கிறது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவர் ஈடு செய்ய வேண்டும். தேர்ந்தவர் தம் கலையின் முறைப்படி செய்து தவறினால் அவர் மீது ஈடு இல்லை என்பதே பிக்ஹு அறிஞர்களின் பொதுக் கருத்து. முதல் நாளில் மெலியோயிடோசிஸை நினைக்காத வைத்தியரைக் குற்றவாளி ஆக்க இந்த மரபில் இடமில்லை. சாதாரணத்தை முதலில் நினைப்பது கலையின் முறையே. மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்காமல், நோயாளி நீரிழிவுள்ள வயல்காரர் என்று தெரிந்தும், அதே மருந்தை அளவு கூட்டிக் கொடுப்பவர் நிலை வேறு. மாற்றிச் சிந்திப்பதும் கலையின் முறைக்குள்ளேதான் இருக்கிறது.

நோயாளியின் பக்கத்துப் பொறுப்பு, சொல்வது. இதில் ஒரு காயத்தையும் குறிப்பிட வேண்டும். 2020 ஏப்ரலில் கொவிட் மரணங்களுக்கு எரிப்பு கட்டாயமாக்கப்பட்டு, 2021 பெப்ரவரியில்தான் அது நீக்கப்பட்டது. அதன் பிறகே ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அந்த மாதங்களில் நுரையீரல் நோயின் பெயர் ஒரு மையித்துக்கு என்ன நடக்கும் என்பதையே தீர்மானித்தது. இருமலோடு வைத்தியசாலைக்குப் போகத் தயங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. நோய்க்குப் பெயர் வைக்கப்படுவதையே அஞ்சும் மனநிலை அப்படி வந்தது, அது இன்னும் முழுதாகப் போகவில்லை. பிரேத பரிசோதனை மீதுள்ள வெறுப்பு அதைவிடப் பழையது. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றது என்ற கருத்திலான ஹதீஸே அதற்கு ஆதாரம். ஆயினும் இறந்த தாயின் வயிற்றில் உயிருள்ள சிசு இருந்தால் கீறி எடுக்க ஷாபிஈ நூல்கள் அனுமதிக்கின்றன. உயிருள்ளவரின் நலனுக்கு இறந்தவரின் கண்ணியம் ஓரளவு இடம்கொடுக்கும் என்பது அதன் பொருள். ரங்கூனில் இந்த நோய் தெரியவந்ததும் பிரேதங்களிலிருந்துதான். இருந்தாலும் இன்று அந்தச் சங்கடத்துக்குப் பெரும்பாலும் தேவையில்லை. உயிரோடிருக்கும்போதே எடுக்கும் சில மில்லிலீற்றர் இரத்தம் போதும்.

பெயர் தெரிந்த பின்னும் வேலை முடிவதில்லை. செப்டாசிடிமோ மெரோபெனெமோ நரம்பு வழியாகக் குறைந்தது 10 முதல் 14 நாட்கள் ஏற்ற வேண்டும். பிறகு கோ-ட்ரைமொக்ஸசோல் குளிசை 3 முதல் 6 மாதம் வரை. காய்ச்சல் போய், பசி வந்து, வயலுக்குப் போகத் தெம்பும் வந்த ஒருவர் இத்தனை மாதம் குளிசை போடுவது எளிதல்ல. நிறுத்தினால் நோய் திரும்பும். உடலுக்குள் பல்லாண்டு உறங்கிக் கிடந்து எழுவதும் உண்டு, 62 ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்ட ஒரு நோயாளி மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறார். வயிற்று நோவுக்காரருக்குத் தேன் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், குணமாகவில்லை என்று சகோதரர் திரும்பத் திரும்ப வந்தபோதும் அதையே மீண்டும் கொடுக்கச் சொன்ன நிகழ்வு இருக்கிறது. நோயின் அளவுக்கு மருந்தின் அளவும் போய்ச் சேர வேண்டும் என்று இப்னுல் கையிம் அதற்கு விளக்கம் எழுதினார். குளிசை ஒரு நாளைக்கு இரு வேளை என்பதால் ரமழானில் ஸஹருக்கும் நோன்பு திறக்கும் வேளைக்கும் மாற்றிக்கொள்ளலாமா, அல்லது நீரிழிவும் சிறுநீரக நிலையும் பார்த்து நோன்பையே பிற்போட வேண்டுமா என்பதை வைத்தியரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நோயாளிக்குத் தரப்பட்ட சலுகையை எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரும்போக மழைக்குப் பின் காய்ச்சலும் இருமலுமாக வைத்தியசாலைக்குப் போகிறவர், கேட்காவிட்டாலும் இரண்டைச் சொல்ல வேண்டும்: சேற்றில் இறங்கியது, சீனி வருத்தம் இருப்பது. முதல் ஊசி ஏறுவதற்கு முன் கல்ச்சருக்கு இரத்தம் எடுக்க முடியுமா என்று கூடவருகிறவர் மரியாதையோடு கேட்கலாம். வயலில் பூட்ஸும் கையுறையும் போடுவது, காலில் காயமுள்ள நாளில் சேற்றில் இறங்காமலிருப்பது, சீனியைக் கட்டுப்பாட்டில் வைப்பது ஆகியவை நோய் வராமலே தடுப்பவை. இந்த நோய்க்குத் தடுப்பூசி இன்னும் இல்லை.